சீட் பிடிக்கப் போட்ட பிள்ளை

வண்டி ரிவர்ஸ் எடுத்துவிட்டது. பிள்ளை உள்ளே. நாங்கள் நாலு பேரும் வெளியே. அக்கா கையில் பால் புட்டி, அத்தான் கையில் டீ, என் தோளில் மூன்று பை, இடுப்பில் கனியன். "ஏட்டி, வண்டி போவுதுட்டி! பிள்ள உள்ள இருக்காட்டி!" என்று அக்கா கத்துகிறாள். அத்தான் டீ கிளாஸை எங்கே வைப்பது என்று இடம் தேடுகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார். அவ்வளவு ஒழுக்கம்.

பதறாதீங்க. கிடைத்துவிட்டாள். கிடைக்காவிட்டால் நான் இப்படி உங்க பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பேனா? அதோ பாருங்க, டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம், பச்சை கவுன், ரெண்டு பக்கமும் ரிப்பன். அவள்தான் துளிர். ஆறு வயது ஆகப்போகிறது. பக்கத்தில் இருப்பது பகவதி அக்கா, என் பெரியம்மா மகள். மடியில் தூங்குகிறவன் கனியன், மூன்று வயது. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, வெளியே நிற்கிற எருமையை முதல் தடவை பார்ப்பது போலப் பார்க்கிறாரே, தாடிக்காரர், அவர் அத்தான். பெயர் கோமதிநாயகம். இன்னும் அரைமணி நேரம் அந்த எருமையைப் பற்றி யோசிப்பார்.

துளிருக்கு நான் சித்தி. பதினேழு வயதில் சித்தி. அந்தச் சித்தியோடு அவள் பேசி இன்றோடு மூன்று நாள் ஆகிறது. ஒரு வார்த்தை கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "கனியா, பாட்டிலக் குடுக்கச் சொல்லு" என்கிறாள். அவனுக்கே பாதிப் பேச்சு வராது. அவன் என்னைப் பார்த்து "பாத்தி" என்பான். நான் கொடுக்கணும். நன்றி அவனுக்கு.

அதுதான் என் பிரச்சினை. பிள்ளை காணாமல் போனது ஒன்றரை மணி நேரம். இது மூன்று நாள். எது பெரிசு, நீங்களே சொல்லுங்க.

அந்தக் குக்கரை என் மடியில் வைங்க, உங்களுக்குக் கை வலிக்கும். காஸ்கெட் போய்விட்டதா? எங்க வீட்டிலும் அப்படித்தான், விசிலே வராது.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டீங்க இல்லையா, சென்னைக்கு. சிரிக்காதீங்க. இந்த வண்டி சென்னைக்குப் போகாது, தெரியும். இது அடுத்த ஊர் வரைக்கும் போகும். அங்கே இறங்கி இன்னொரு டவுன் பஸ். அது அதற்கு அடுத்த ஊர் வரைக்கும். இப்படியே சென்னை. கன்னியாகுமரியில் ஏறினோம். இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள்.

இதற்கு மெதுப் பயணம் என்று பெயர். அத்தான் வைத்தது இல்லை, உலகம் முழுக்க இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதாம். அத்தானுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல கார் இருக்கிறது, கறுப்பு. அதற்கு உறை போட்டு மூடி நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ரயில் கூடாது, எக்ஸ்பிரஸ் கூடாது, ஆட்டோகூடக் கூடாது. வேகமாகப் போகிறவன் ரோட்டைத்தான் பார்க்கிறானாம், மெதுவாகப் போகிறவன்தான் ஊரைப் பார்க்கிறானாம். நாங்கள் பார்த்த ஊர்களை நான் சொல்கிறேன், கேளுங்க. பஸ் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ். அடுத்த ஊர். பஸ் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. சில ஊர்களில் லாட்ஜ் பக்கவாட்டில் இருக்கும். அந்த வித்தியாசம் உண்டு.

சாயங்காலமானால் அத்தான் லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து போனில் எழுதுவார். அதைப் படிக்க நிறைய பேர் இருக்கிறார்கள். வள்ளியூர் பக்கம் கனியன் வாந்தி எடுத்தான். என் மேல், எனக்கு முன்னால் இருந்த சீட் மேல், ஒரு பெரியம்மாவின் வெற்றிலைப் பை மேல். அன்றைக்கு அத்தான் எழுதினார்: "பயணம் குழந்தைகளை மண்ணோடும் மனிதர்களோடும் உறவாட வைக்கிறது." துடைத்தது நான். மண்ணோடும் மனிதர்களோடும் உறவாடியது நான்.

நான் ஏன் வந்தேன் என்றால், ப்ளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானேதான். வகுப்பில் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும். வேதியியல் டீச்சர் ஒரு சமன்பாட்டை ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை அது சமன் ஆகாது. எனக்கு மெதுவாக நடக்கிற எதுவும் ஆகாது. அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் எங்கம்மா சொன்னாள், "வீட்டுல சும்மாதான இருக்கா, கூட்டிட்டுப் போ பகவதி, பிள்ளையளப் பாத்துக்கிடுவா." எங்கம்மா என்னைப் பெற்றவள். இருந்தும் சொன்னாள்.

சரி, சீட் விஷயத்துக்கு வருகிறேன். அங்கேதான் எல்லாமே கிடக்கிறது.

ரெண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது. சீட் பிடிக்கணும். அது என் வேலை. வண்டி ஸ்டாண்டுக்குள் நுழைகிறபோதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போடணும். துண்டு விழுந்த சீட் நம் சீட். எங்க ஊர்ப் பக்கம் அதுதான் சட்டம். ஆனால் ஊர் தாண்டத் தாண்ட துண்டுக்கு மரியாதை குறைந்துகொண்டே வந்தது. கோவில்பட்டி தாண்டி ஒரு வண்டியில் ஒரு பெரியவர் எங்க துண்டை எடுத்து, நிதானமாக முகத்தைத் துடைத்து, கழுத்தைத் துடைத்து, நாலாக மடித்து, "யாரோ பாவம் விட்டுட்டுப் போயிட்டாங்கப்பா" என்று கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பையைப் போட்டுப் பார்த்தோம். பையைத் தூக்கி எங்க கையிலேயே கொடுத்தார்கள். நின்றுகொண்டிருக்கிற என் கையில் என் பையைக் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கோ பாப்பா" என்று ஒருத்தி சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் பிள்ளையைப் போட ஆரம்பித்தோம்.

யார் யோசனையா? அதெல்லாம் இப்போது எதற்கு? அத்தான் பக்கத்தில்தான் நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா, "பாத்துட்டி, தலை இடிக்கப் போவுது" என்றாள். அதற்குத் தலை இடிக்காமல் போடு என்றுதானே அர்த்தம்?

யோசித்துப் பாருங்க. துண்டை நகர்த்தலாம், பையை நகர்த்தலாம். ஒரு பிள்ளையைத் தூக்கி, "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கப்பா" என்று கண்டக்டரிடம் கொடுக்க முடியுமா? ஜன்னலில் கம்பி இல்லாத வண்டியாகப் பார்த்து, துளிரைத் தூக்கி உள்ளே விடுவேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்தது, அதைச் சொல்லணும். "சித்தி, இன்னிக்கு நான்தான?" என்று காலையிலேயே கேட்பாள். நன்றாகச் சொல்லியும் கொடுத்தேன். மூணு பேர் சீட்டில் நடுவுல உக்காரு. யாரு வந்தாலும் ஆளு வருதுன்னு சொல்லு. யாரு எந்திரிக்கச் சொன்னாலும் எந்திரிக்காத. பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத, திரும்புனா பேச்சுக் குடுத்து எழுப்பிருவாங்க. நான் வந்து கையத் தொட்டாத்தான் எந்திரிக்கணும்.

நாலு நாள், பதினோரு வண்டி. ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. ஒரு ஊரில் கரை வேட்டி கட்டின கட்சிக்காரர் ஒருத்தர் வந்து அவள் முன்னால் நின்றார். நான் வெளியே ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, தள்ளி உக்காரு."

"ஆளு வருது."

"எத்தன ஆளு?"

"நாலு."

"எங்க அந்த நாலு ஆளும்?"

"டீ குடிக்காங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"ஆளு வருது."

மனுஷன் கடைசி ஸ்டாப் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். அன்றைக்கு அத்தான் எழுதினார்: "தனக்கான இடத்தைத் தானே கேட்டுப் பெற என் மகள் கற்றுக்கொண்டாள்." கற்றுக்கொடுத்தது யார் என்று எழுதவில்லை. மூன்று நாளாகத்தான் அது எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

இப்போது அந்த ஊர். பெயர் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர் யாராவது இந்த வண்டியிலேயே இருப்பார். பத்தொன்பதாவது நாள். பள்ளிக்கூடம் விட்டிருந்த நேரம், ஸ்டாண்டு முழுக்க நீல யூனிஃபார்ம். வண்டி வந்தது. ஓடினேன். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல். துளிரைப் போட்டேன். உள்ளிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். சீட் பிடித்தாகிவிட்டது.

உடனே நானும் ஏறியிருக்கலாமே என்று கேட்பீங்க. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். டவுன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தால் எப்படியும் பத்து நிமிஷம் நிற்கும். அந்த வெயிலில் தகரத்துக்குள் உட்கார்ந்து எதற்கு வேகணும்? சீட்டில்தான் பிள்ளை இருக்கிறாளே. அத்தான் டீ குடிக்கப் போனார். அக்கா கனியனுக்குப் பால் ஆற்றப் போனாள். நான் கனியனைத் தூக்கிக்கொண்டு கடலை வாங்கப் போனேன். பாருங்க, நான் எதையும் மறைக்கவில்லை. கடலை வாங்கத்தான் போனேன்.

அந்த நேரம் பார்த்து வண்டிக்கு பிரேக்கில் ஏதோ கோளாறு. "டிரிப் கட்டு! வண்டி டிப்போவுக்குப் போவுது! எல்லாரும் இறங்கு, இறங்கு!" என்று கண்டக்டர் கத்தியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை, பிறகு சொன்னார்கள். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். யார் எந்திரிக்கச் சொன்னாலும் எந்திரிக்காதே என்று சொல்லி வைத்திருந்த ஒருத்தியைத் தவிர. சீட்டின் முதுகைவிட அவள் குள்ளம். முன்னால் நின்று பார்த்தால் காலி வண்டிதான் தெரியும். அந்தக் கண்டக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தான் சொன்னார். ரொம்ப நேரம் சொன்னார்.

ஓடினோம். வாசல் வரைக்கும் ஓடினோம். நூறு யூனிஃபார்முக்கு நடுவில் எங்கே ஓடுவது? வண்டி திரும்பிப் போய்விட்டது. பிறகு டைம் கீப்பர் ரூமுக்கு ஓடினோம்.

"எந்த வண்டி?" என்றார் டைம் கீப்பர்.

"இப்பப் போச்சே சார்!"

"இப்ப நாலு வண்டி போச்சு."

"டிரிப் கட்டான வண்டி சார். உள்ள எங்க பிள்ள இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது இந்த ஊரு வண்டி இல்லியே. பக்கத்து டிப்போ. பதினெட்டுக் கிலோமீட்டரு." போனை எடுத்து நம்பர் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அங்கே யாரும் எடுக்கவில்லை. கண்டக்டர் நம்பர் அவரிடம் இல்லை. மாற்றலில் வந்த புதுப் பையனாம்.

இப்போது அத்தான் ஒரு கேள்வி கேட்டார். இதை நான் கற்பனை பண்ணிச் சொல்கிறேன் என்று நினைக்காதீங்க.

"அந்த ஊருக்கு அடுத்த டவுன் பஸ் எப்போ சார்?"

டைம் கீப்பர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தொலைஞ்சது உங்க பிள்ளதான சார்?"

"ஆமா சார்."

பத்தொன்பது நாள் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, வாய் அதுவாகவே கேட்டுவிட்டது போலிருக்கிறது. "ஏங்க!" என்றாள் அக்கா. அன்றைக்கு முன்னால் எங்க பகவதி அக்கா சத்தம் போட்டு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் அவளிடம் எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டு, பதில் காதில் விழாமல், இஷ்டத்துக்கு வாசித்துவிட்டுப் போனார். அவள் போட்ட சத்தத்தில் ஸ்டாண்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஆட்டோ புடிங்க!"

பிடித்தார். ஆட்டோக்காரர் நல்ல மனுஷன், ஆனால் பேசாமல் இருக்கத் தெரியாது.

"பிள்ளைய எதுக்கு சார் ஜன்னல் வழியாப் போட்டீங்க?"

"சீட் பிடிக்க அண்ணே."

"கார் வச்சிருக்கிற ஆளு மாதிரி இருக்கீங்க?"

"கார் இருக்கு அண்ணே. மெதுவாப் போகணும்கிறது எங்க கொள்கை."

ஆட்டோக்காரர் கியரைக் குறைத்தார். அப்புறம் கண்ணாடியில் பார்த்து, "இப்ப எப்பிடி சார், கொள்கைப்படி போகவா, வேகமாப் போகவா?" என்றார்.

அக்கா அழ ஆரம்பித்தாள். கனியன் மட்டும் கை தட்டினான். பத்தொன்பது நாளில் அவன் வேகமாகப் போனது அன்றைக்குத்தான். "இன்னும்! இன்னும்!" என்றான். பாவம், அவனுக்கு அக்காள் காணாமல் போனது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

பைபாஸில் போகிறபோது அக்கா என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, அவளுக்கு என்ன சொல்லி உக்கார வச்ச?"

சொன்னேன். யாரு சொன்னாலும் எந்திரிக்காத, பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா என் கையை விட்டுவிட்டாள். வேறு ஒன்றும் பண்ணவில்லை. கையை விட்டாள், அவ்வளவுதான்.

டிப்போ வாசலில் வாட்ச்மேன் தடுத்தார். அத்தான் ஏதோ விளக்க ஆரம்பித்தார், கன்னியாகுமரியிலிருந்து. நான் அதற்குள் வாட்ச்மேன் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே ஓடிவிட்டேன். நாற்பது வண்டி நிற்கிறது. எல்லாம் ஒரே நிறம், ஒரே முகம். நம்பர் யாருக்குத் தெரியும்? அக்கா பின்னாலேயே ஓடிவந்து, "துளிரு! துளிரு! அம்மா வந்துட்டேம்மா!" என்று கத்துகிறாள். அத்தானும் வந்து கத்துகிறார். சுவரில் மோதி எல்லாச் சத்தமும் திரும்பி வருகிறது. பதில் இல்லை.

கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எவ்வளவு கத்தினாலும் திரும்ப மாட்டாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

நான் கத்தவில்லை. வண்டி வண்டியாக ஏறினேன். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல். இல்லை. இறங்கு. அடுத்தது. இடது பக்கம் மூன்றாவது ஜன்னல். இல்லை. ஒன்பதோ பத்தோ ஏறினேன். கடைசியில், தண்ணீர் வழிகிற ஒரு வண்டிக்குப் பக்கத்தில் ஒருத்தர் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இதுவாம்மா? இப்பத்தான் வந்துச்சு, பிரேக்குப் பாக்கணும். அதுக்கு முன்னாடி கழுவிட்டேன். உள்ள யாரும் இல்லம்மா."

"ஜன்னல் திறந்திருந்துச்சாண்ணே?"

"எல்லாம் திறந்துதான் கிடந்துச்சு. உள்ளயும் சேத்து அடிச்சு விட்டேன்."

ஏறினேன்.

நடு சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே முன்னால் பார்த்துக்கொண்டு. தலையிலிருந்து சொட்டுகிறது. கவுன் உடம்போடு ஒட்டியிருக்கிறது. இடது பக்கச் சீட்டில் அவளுடைய ஒரு செருப்பு, வலது பக்கச் சீட்டில் இன்னொரு செருப்பு. நாலு பேருக்கு இடம் வேண்டும் இல்லையா, எதிர்ப் பக்கத்து ரெண்டு பேர் சீட்டில் ரிப்பன் ரெண்டையும் அவிழ்த்து விரித்து வைத்திருந்தாள். காலி வண்டி அக்கா. அம்பது சீட்டும் காலி. அதில் அஞ்சு சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீர் முகத்தில் அடித்தபோதும் எந்திரிக்காமல் இருந்திருக்கிறாள். அழுதாளா என்று தெரியாது. முகமெல்லாம் தண்ணீர்.

கையைத் தொடுவதற்காக நீட்டினேன். நான் தொடுவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டாள்.

"எவ்வளவு நேரம்" என்றாள். அது கேள்வி இல்லை.

செருப்பை எடுத்து மாட்டினாள். எதிர்ப் பக்கம் போய் ரிப்பனை எடுத்தாள். நான் நின்ற வழியாக வராமல், பின் வாசல் வரைக்கும் நடந்து போய் அங்கே இறங்கினாள். நேராக அவள் அம்மாவிடம் போனாள்.

அவ்வளவுதான். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அந்த ரெண்டு வார்த்தை.

இப்போது சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணினேன்? பிரேக்கைக் கெடுத்தது நானா? டிரிப் கட் பண்ணியது நானா? டவுன் பஸ்ஸில் சென்னை போகலாம் என்றது நானா? துண்டு போட்டேன், மதிக்கவில்லை. பை போட்டேன், மதிக்கவில்லை. வேறு வழி இல்லாமல்தான் பிள்ளையைப் போடலாம் என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இப்போது அதனால் என்ன? நான் சொன்னால் உடனே கேட்டுவிடுவார்களா பெரியவர்கள்? படிப்பை நிறுத்துகிறேன் என்றபோது யாராவது உடனே கேட்டார்களா?

அத்தான் அன்றைக்கும் வராந்தாவில் உட்கார்ந்தார். மூன்று தடவை எழுதினார், மூன்று தடவை அழித்தார். எழுத்துப் பிழை போலிருக்கிறது. வாங்கி வந்த பரோட்டாவைத் தொடவே இல்லை, நான்தான் சாப்பிட்டேன். கடைசியில் ஒரே ஒரு வரி போட்டார்: "இன்று மழை இல்லை. நனைந்தோம்." கீழே நூற்றைம்பது பேர், "அற்புதமான கவிதை" என்று எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு யாரும் பிள்ளையை ஜன்னல் வழியாகப் போடவில்லை. நின்றுகொண்டே போகிறோம். அல்லது யாராவது பாவம் பார்த்து அக்காவுக்கு இடம் கொடுக்கிறார்கள். இன்றைக்கு எனக்கு நீங்க கொடுத்த மாதிரி.

துளிரைப் பேச வைக்க நான் எல்லாம் பண்ணிப் பார்த்துவிட்டேன். பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், வாங்கித் தம்பியிடம் கொடுத்தாள். குரங்கு மாதிரி முகத்தை வைத்துக் காட்டினேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கட்சிக்காரர் கதையைச் சொன்னேன், "நான் யாருன்னு தெரியுமா?" என்று அதே குரலில். முன்பெல்லாம் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கனியன்தான் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான், அவனை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஸாரி கேட்டேனா? நீங்களும் அத்தான் மாதிரியே கேட்கிறீங்க. ஆறு வயதுப் பிள்ளையிடம் போய் என்ன ஸாரி? அவள்தான் கொஞ்சம் யோசித்திருக்கணும். வண்டியே காலியாகிவிட்டது, இன்னும் யாருக்கு சீட் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு சந்தேகம் வரவேண்டாமா? நான் என்றால் இறங்கியிருப்பேன். முதல் ஆளாக இறங்கியிருப்பேன். நான் யார் சொல்லையும் அந்த அளவுக்கு நம்ப மாட்டேன்.

அவள் நம்பிவிட்டாள். அதற்கு நான் என்ன பண்ண?

இன்றைக்குக் காலையில் லாட்ஜைக் காலி பண்ணிவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தோம். அத்தான் என் பையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போதும் எல்லாப் பையும் என் தோளில்தான் இருக்கும், அப்போதே எனக்குச் சந்தேகம். டவுன் பஸ் நிற்கிற பக்கம் போகாமல் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு எக்ஸ்பிரஸ் நின்றது. திருநெல்வேலி.

"இசக்கி, நீ ஊருக்குப் போம்மா. உன் மேல கோபமெல்லாம் இல்ல" என்றார். கோபம் இல்லை என்று சொல்கிறபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்துச் சொன்னார். "எங்கயும் நிக்காது, நாலு மணி நேரத்துல போயிரலாம். சீட் நம்பர் போட்டாச்சு, ஜன்னலோரம்."

"அம்மாட்ட நான் போன் பண்ணிச் சொல்லிக்கிடுதேன்" என்றாள் அக்கா. மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

இருபத்திரண்டு நாள் ஆட்டோ கூடாது, எக்ஸ்பிரஸ் கூடாது என்று சொன்ன மனுஷன், எனக்காகப் போய் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருக்கிறார். கௌரவம்தான்.

துளிர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருந்தது. வழக்கமாக நான்தான் கட்டிவிடுவேன். அவளே கட்டப் பார்த்தாள், வரவில்லை. பல்லால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள்.

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "போறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு ஸாரி மட்டும் சொல்லிரு. அவளுக்கும் மனசு லேசாயிரும். சொல்லிட்டு ஏறிக்கோ."

நல்ல வண்டி அக்கா. ஏசி. கதவு அதுவாகத் திறந்து அதுவாக மூடுகிறது. கண்டக்டர் ரெண்டு தடவை விசில் அடித்தார். "ஏறும்மா, உனக்காகத்தான் நிக்குது" என்றார் அவரும்.

வரிசையைப் பாருங்க. முதலில் ஸாரி, அடுத்தது ஏறு. நான் ஸாரி சொன்னால் அவள் "ம்" என்றாவது சொல்லுவாள். அந்த ஒரு "ம்"மைக் கேட்ட கையோடு நான் ஏறிப் போய்விடணும். இவர்கள் மெதுவாகச் சென்னை போய்ச் சேர இன்னும் ஒரு மாசம் ஆகும், அந்த ஒரு மாசமும் நான் கூட இருக்க மாட்டேன்.

ஸாரியும் சொல்லவில்லை. ஏறவும் இல்லை.